பட்டு விற்றவன் பட்டு உடுக்க முடியாத நாடு

உயர்தர வகுப்பில் சீன வரலாறு படிப்பித்த சேர் புத்தகம் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பழைய சீனச் சமூகத்தின் படிகளை வெண்கட்டியால் மேலிருந்து கீழே நாலு சொல்லில் எழுதுவார்: கற்றோர், உழவர், கைவினைஞர், வணிகர்.

எங்கள் வகுப்பில் ஒருவனின் தகப்பனுக்குப் புடவைக்கடை. அவன் எழும்பினான். "சேர், கடைக்காரரை ஏன் கடைசியில போட்டவங்கள்?"

"உழவன் சோறும் தாறான், வரியும் தாறான், படைக்கு ஆளும் தாறான். கொல்லன் கலப்பை செய்யிறான். வியாபாரி ஒண்டையும் உண்டாக்கிறேல்லை எண்டு அவங்கள் நினைச்சவங்கள்."

ஹான் வம்சத்தை நிறுவிய காவோசு பேரரசர் வணிகர் பட்டு உடுக்கவும் வண்டியில் ஏறவும் தடை விதித்ததைச் சேர் சொன்னதும் அவன் விடவில்லை. "பட்டு விக்கிறவனே பட்டு உடுக்கேலாதோ?" சேருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதன் பிறகுதான் அசல் பாடம். இரண்டாம் இடத்து உழவன் வரி கட்டமுடியாமல் காணியை விற்றான். அதை வாங்கியவர்களில் கடைசி இடத்து வணிகனும் இருந்தான். காணி வாங்கியவன் மகனைப் படிப்பித்தான். மிங் வம்ச காலத்தில் வணிகர் பிள்ளைகள் அதிகாரிகளைத் தெரிவுசெய்யும் அரச தேர்வு எழுதினார்கள்; அடுத்து வந்த சிங் வம்ச ஆட்சியில் பட்டங்களே காசுக்கு விலைப்பட்டன. நான்ஜிங் தேர்வு மண்டபத்தில் 20,000க்கு மேற்பட்ட சிற்றறைகள். தலை நரைத்தவர்களும் அதற்குள் குந்தியிருந்து எழுதினார்கள். வெட்டுப்புள்ளிக்காக ரியூசன் ரியூசனாய் ஓடித்திரிந்த எங்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. 1905இல்தான் அந்தத் தேர்வு ஒழிந்தது.

நாலு சொல்லுக்கும் கீழே கிடந்தவர்களைப் பற்றிச் சேர் குரல் தணித்துச் சொன்னார். நடிகர், பரத்தையர் போன்றோர் 'இழிந்தோர்'. அவர்களின் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கதவே மூடியிருந்தது. சிங் பேரரசர் யொங்செங் 1723இல் சில பிரிவினரை அந்த 'இழிந்தோர்' பதிவிலிருந்து விடுவித்தார். அயலவர் உடனே மதித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அரண்மனை அலிகளோ, அதாவது ஆண்மை நீக்கப்பட்ட ஊழியர்களோ, எந்தப் படியிலும் இல்லை. கற்ற அதிகாரிகளுக்கு அவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனால் 1405 முதல் சீனப் பெருங்கப்பற்படையை நடத்திய செங் ஹே அவர்களில் ஒருவர்தான். யுன்னான் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதில் மிங் படையிடம் அகப்பட்டவர். 1409ஆம் ஆண்டு பொறித்த அவரது கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது: காணிக்கை சொல்லும் வரிகள் சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு. ஊர்ப்பக்கம் போகிறவர்கள் பாருங்கள். 1911இல் காலியில் கண்டெடுத்தபோது அது ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்ததாம்.