இன்ஜின் போகவில்லை, எர்த்துதான்

எங்கள் எஸ்யூவி ஏழு பேர் உட்காரும் வண்டி, பழையதாகத்தான் வாங்கினோம். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இருக்கிற வீட்டுக்குச் சின்னக் கார் சரிப்படாது. சிஓஇ (இங்கே சிங்கப்பூரில் வண்டி வைத்துக்கொள்வதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிய இன்னும் நாலு வருடம் இருக்கிறது. ஒரு வருடம் எந்தத் தொல்லையும் கொடுக்காமல் ஓடியது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி, மீன் எல்லாம் வாங்கி வண்டியில் வைத்துவிட்டு பட்டனை அழுத்தினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. பேட்டரி என்றார்கள், 280 வெள்ளிக்குப் புதுசு மாற்றினேன். இந்த ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி போவது சகஜம் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

பத்து நாள் கழித்து பிஐஇ விரைவுச்சாலையில், பிள்ளைகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வரும்போது, இன்ஜின் ஒரு குலுங்கு குலுங்கியது. உடனே இன்ஜின் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு, ஸ்டியரிங் விளக்கு எல்லாம் ஒன்றாக எரிந்து ஸ்டியரிங் கல் மாதிரி இறுகிப் போக, எப்படியோ இழுத்துப்பிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். பின்னால் அம்மா "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரையும் இறக்கித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிற்கவைத்தேன். கை நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆனது. எமாஸ் (விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் அமைப்பு) இழுவை வண்டி வந்து, விரைவுச்சாலையிலிருந்து பக்கத்துக் கார்நிறுத்துமிடம் வரைக்கும் காசு வாங்காமல் இழுத்துக்கொடுத்தது. அங்கிருந்து பட்டறைக்கு நம் செலவு.

பட்டறையில் ஆல்டர்னேட்டரை, அதாவது வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பாகத்தை, மாற்றினார்கள், 650 வெள்ளி. இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே குலுங்கல். ஸ்கேனர் போட்டதில் பி0300 என்று வந்தது. எந்த சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாமல் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதற்கான குறியீடு அது. தீப்பொறி தரும் பிளக், காயில் மாற்றிப் பார்ப்போம், சரிவராவிட்டால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைத் திறக்கவேண்டும், மொத்தம் 3,800 வெள்ளி வரை ஆகலாம் என்றார்கள். நாலு வருடம் மட்டும் ஓடப்போகிற வண்டிக்கு இவ்வளவு போடுவதா, வந்த விலைக்குத் தள்ளிவிடுவதா என்று அன்றிரவு நானும் மனைவியும் தூங்கவே இல்லை.

காக்கி புக்கிட்டில் ஒரு மெக்கானிக்கைப் பற்றி நண்பர் சொன்னார். ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர், நம்ம ஆள். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "ஸ்கேனரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஏசியையும் ஹெட்லைட்டையும் போடுங்க" என்றார். மல்டிமீட்டரை எடுத்து ஆல்டர்னேட்டரிலேயே வைத்தார், 14.2 வோல்ட். பேட்டரி முனைகளில் வைத்தார், 12.9. "வழியிலே எங்கேயோ தின்னுது பாருங்க" என்று ஒரு முனையை இன்ஜின் உடம்பிலும் இன்னொன்றை பேட்டரி நெகடிவிலும் வைத்தார். 1.1 வோல்ட். அந்த இடத்தில் 0.2 தாண்டினாலே சந்தேகப்படவேண்டுமாம்.

இன்ஜின் ரப்பர் மவுண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது, அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை வைத்திருப்பார்கள், அதுதான் எர்த். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், காயில் மூன்றுக்கும் கரண்ட் திரும்பிப்போகிற வழி அதுதான். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு எனக்குக் காட்டினார். போல்ட் இறுக்கும் இடத்தில் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறி, பின்னலில் பாதி இழைகள் அறுந்து முடி மாதிரி தொங்கின. தொட்டேன், விரலில் பச்சைப் பொடி ஒட்டியது. சூடு ஏற ஏற அந்த இணைப்பு இன்னும் மோசமாகிவிடும், அதனால்தான் காலையில் நன்றாக ஓடிய வண்டி அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு குலுங்கியிருக்கிறது. ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் எரிந்தது அவை கெட்டுப்போய் இல்லை, வோல்ட் போதாமல்தான்.

புதுப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து 90 வெள்ளி. போல்ட் இடத்தை எமரித் தாளால் பளபளக்கத் தேய்த்துவிட்டுத்தான் மாட்டினார். இன்னொன்றும் கண்டுபிடித்தார். சிக்னலில் இன்ஜின் தானாக நின்று மறுபடி ஓடும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு முந்தைய பட்டறையில் சாதாரண பேட்டரியைப் போட்டிருந்தார்கள், அதற்கு அடிக்கடி நின்று கிளம்புவதைத் தாங்கும் ஏஜிஎம் அல்லது இஎஃப்பி வகைதான் போடவேண்டும்.

எனக்கு வருத்தம் பணத்தில் மட்டும் இல்லை. ஐந்து நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் என் பிள்ளைகள் விரைவுச்சாலை ஓரத்தில் நின்றிருக்க வேண்டியதில்லை. உங்கள் வண்டியில் விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தால், எதையும் மாற்றச் சொல்வதற்கு முன்னால் வோல்டேஜ் டிராப் (வழியில் எவ்வளவு வோல்ட் குறைகிறது என்று) பார்த்தீர்களா என்று பட்டறையில் கேளுங்கள், மாற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். என் பழைய ஆல்டர்னேட்டரைக் கேட்டபோது தூக்கிப் போட்டாயிற்று என்றார்கள்.

நாலு மாதம் ஆகிறது, குலுங்கவில்லை. போன வாரம் மலாக்கா வரை போய் வந்தோம், அம்மா துவாஸ் சோதனைச்சாவடி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார்.