12.11 அடி என்று ஒரு அளவு கிடையாது

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவனிடம் எல்லாத் தொழில்காரர்களும் கணக்கோடு வந்து நிற்பார்கள். கொத்தனார், ஆசாரி, வெல்டிங் பட்டறைக்காரர், வள்ளத்து என்ஜினுக்கு ஆயில் வாங்க வருகிறவர். பல பேர் எட்டாவதைத் தாண்டாதவர்கள்தான், அதற்காக இவர்களுக்குக் கணக்கு வராது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏலத்தில் கூடையைக் கண்ணால் பார்த்தே எத்தனை கிலோ, இந்த விலைக்கு எவ்வளவு தேறும் என்று சொல்கிற ஆட்கள் இவர்கள். கொத்தனார் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்த்து மூலையை நேராக்குகிறார். பெரிய ரூமுக்கு 9, 12, 15 என்று எடுத்தால் பிசகு குறையும் என்பதும் அவருக்குத் தெரியும்.

சிக்கல் வருவது போனை எடுத்துக் கணக்குப் போடும்போது, அதுவும் புள்ளி வைக்கிற இடத்தில்.

ரூம் நீளம் 12 அடி 11 இன்ச், அகலம் 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். போனில் 12.11 என்று அடித்து 10-ஆல் பெருக்கினால் 121 சதுர அடி வரும். அடிக்கு 12 இன்ச் அல்லவா, 11 இன்ச் என்பது 11-ஐ 12-ஆல் வகுத்தது, கிட்டத்தட்ட 0.92. ஆக 12.92 அடி, சரியான பரப்பு 129 சதுர அடி. 8 சதுர அடி போய்விட்டது, அதாவது 2-க்கு 2 டைல்ஸில் இரண்டு. இரண்டு டைல்ஸ்தானே, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அடுத்த லோடில் வருவது வேறு ஷேடாக இருக்கும், வீட்டுக்காரர் முகம் மாறிப்போகும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படித் தப்பாக அடிப்பவர்களுக்கு 1 முதல் 9 இன்ச் வரை அளவு கூடித்தான் போகும், 5 அடி 6 இன்ச் 5.6 ஆகிவிடும், சரக்கு மிஞ்சும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். 10, 11 இன்ச் வரும்போதுதான் திடீரென்று குறையும். அதனால் பல வருஷம் தப்பாகவே போட்டும் "எனக்கு எப்பவும் சரியாத்தான் வரும்ணே" என்று சொல்கிறவர்கள் உண்டு.

3 இன்ச் கால், 6 அரை, 9 முக்கால். இது மனசில் இருந்தால் போதும், இடையில் வருவதை 12-ஆல் வகுத்துக்கொள்ளலாம். ஆசாரிகளின் நூல் கணக்கும் இதே கதைதான், இன்ச்சுக்கு 8 நூல். 4 இன்ச் 3 நூலை 4.3 என்று போட்டு மில்லிமீட்டருக்கு மாற்றினால் 109, ஆனால் அது 4.375, மாற்றினால் 111. ஜன்னலுக்கு அந்த 2 மில்லிமீட்டர் பெரிது. 2 மணி 45 நிமிஷ வேலை 2.75 மணி, 2.45 இல்லை. கூலி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் பெரிய விவகாரம். ஒருத்தர் ஜிபிஎஸ்ஸில் 9 டிகிரி 16.50 நிமிடம் என்று இருப்பதை அடுத்தவரிடம் வாயால் சொல்லும்போது "9, 16, 50" ஆகிவிடும். கேட்டவருடைய செட் நொடியில் காட்டுகிற செட்டாக இருந்தால் 50 நொடி என்று ஏற்றிவிடுவார். 0.50 நிமிடம் என்றால் 30 நொடிதான். தெற்கு வடக்காக 1 நிமிடம் ஒரு கடல் மைல், 1852 மீட்டர், ஆக 20 நொடிப் பிசகுக்கு சுமார் 617 மீட்டர். மீன் கூடுகிற கடலடிப் பாறையை, அதாவது பாரைத் தேடுகிறவருக்குப் பார் கிடைக்காது, டீசல் தீரும். எல்லைக்கோடு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நம் கடலில் 600 மீட்டரைச் சும்மா விட்டுவிட முடியாது.

சரி, புள்ளிக்கு அடுத்தது சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது. அதிலிருந்து கடையில் ஒரே பஞ்சாயத்து. "அண்ணே, 10 சதவீதம் குறைச்சிருக்காங்க, 350 ரூபாய் மூட்டைக்கு 35 ரூபாய் குறைங்க." இல்லை தம்பி. 350-க்குள்ளேயே பழைய வரி இருக்கிறது. 350-ஐ 1.28-ஆல் வகுத்தால் வரியில்லாத விலை 273 ரூபாய் 44 காசு, அதை 1.18-ஆல் பெருக்கினால் 322 ரூபாய் 66 காசு. குறைய வேண்டியது 27 ரூபாய் சொச்சம். நான் 8 ரூபாயை அமுக்குகிறேன் என்று நினைத்தவர்களுக்குப் பில் பேப்பரின் பின்னால் எழுதிக் காட்டினேன், சிலர் நம்பினார்கள், சிலர் இன்னும் நம்பவில்லை. வரியோடு சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிக்க வகுக்கணும், கழிக்கக் கூடாது. 1180 ரூபாயில் 18 சதவீதத்தைக் கழித்தால் 967.60, உண்மையான அடக்கம் 1000.

எதில் சதவீதம் என்று கேட்கிற பழக்கம் மீன் கணக்கிலும் வேண்டும். 40,000 ரூபாய்க்கு மீன், செலவு 22,000, கமிஷன் 10 சதவீதம் என்றால் மொத்தத்தில் 4000, செலவு போக மீதியில் 1800. பேசும்போதே கேட்டுவிடணும், கணக்கு முடிக்கிற அன்று கேட்டால் சண்டைதான். நூற்றுக்கு 2 வட்டி என்பதும் மாதத்துக்கு, வருஷத்துக்கு 24.

டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயிலில் 50-க்கு 1 என்று எழுதியிருந்தால் 1 லிட்டருக்கு 20 மில்லி. அதை லிட்டருக்கு 50 மில்லி என்று படித்து ஊற்றுகிறவர்கள் புகையைக் கிளப்பிக்கொண்டு பிளக் வாங்க வருவார்கள். எனக்கு வியாபாரம், இருந்தாலும் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

போனை எடுக்கும் முன் வாயால் ஒரு தோராயம் சொல்லிவிடுங்கள். 12 அடி 11 இன்ச் கிட்டத்தட்ட 13, பத்தால் பெருக்கினால் 130, அப்போது போன் 121 காட்டினால் உங்களுக்கே உறுத்தும்.

கம்பி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் வரும். 8 எம்எம் என்றால் 64-ஐ 162-ஆல் வகுக்க 0.395, 12 மீட்டர் கம்பி 4.74 கிலோ. பத்துக் கம்பியைச் சேர்த்து எடை போட்டால் 47 கிலோ சொச்சம் வரணும். கம்பிக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 1786-இல் இந்த அளவுக்கு 7 சதவீதம் வரை கூடக்குறைய அனுமதி உண்டு, 44 கிலோவுக்கும் கீழே போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என் கடைச் சரக்காக இருந்தாலும் சரி.