ஆயிரத்துள் பத்து: குடந்தையில் ஒரு நாள்

கும்பகோணத்தில் கோயில்களை எண்ணிக்கொண்டு நடந்தால் ஒரு வாரம்கூடப் போதாது. இந்த முறை ஒரே ஒரு கோயில், அப்புறம் கால் போகும் வரை ஒரு நடை, அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டு போனேன். காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் இட்லியும் கடப்பாவும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவை இந்தப் பக்கம் வந்தால் நான் விடுவதே இல்லை. மேலே ஒரு டிகிரி காபி, பித்தளை டபராவில். பிறகு நேரே சாரங்கபாணி கோயில்.

11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனால் கருவறையே ஒரு தேர். கல்லில் சக்கரங்கள், இழுத்துச் செல்லும் குதிரைகள், யானைகள். நுழைய இரண்டு வாசல்கள்: தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். உள்ளே பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார், ஆனால் முழுக்கப் படுக்கவில்லை. ‘கிடந்தவாறு எழுந்திருந்து பேசு’ என்று திருமழிசையாழ்வார் கேட்டதற்காகச் சற்றே எழுந்த கோலம் என்பார்கள். ஒரு தமிழ்ப் பாட்டுக்காகத் தலை தூக்கிய பெருமாள்! அந்தத் திருமேனியின் முன்னால் நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிரகாரத்தில் ஒரு வயதான மாமி தூணில் சாய்ந்து உட்கார்ந்து ‘ஆராவமுதே’ பதிகத்தை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். என் பாட்டி எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே பாசுரம் அதன் முதல் பாட்டு. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கூடவே சொன்னேன். முதல் பாட்டோடு என் குரல் நின்றுவிட்டது.

“மீதி?” என்றார்.

“தெரியாது மாமி.”

“அப்போ கடைசிப் பாட்டைக் கேளு. கதையே அதிலதான் இருக்கு.”

‘குருகூர்ச் சடகோபன் குழலின் மலியச் சொன்ன ஓராயிரத்துள் இப்பத்தும்’ என்று வரும் வரியை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சடகோபன் என்றால் நம்மாழ்வார். அவர் பாடியது வழக்கொழிந்து கிடந்த காலம். காட்டுமன்னார்கோயிலில் சிலர் இந்தப் பத்துப் பாட்டைப் பாட, வைணவ ஆசாரியர் நாதமுனிகள் கேட்கிறார். ‘ஆயிரத்துள் இப்பத்தும்’ என்றால் மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு நம்மாழ்வாரின் ஊரான குருகூருக்கே போகிறார். ஆயிரம் கேட்கப் போனவருக்கு ஆழ்வார்கள் எல்லோருடைய பாசுரங்களும் சேர்ந்த நாலாயிரமும் கிடைத்தது என்பது வைணவ மரபு. அதற்கு வழிகாட்டிய இந்தப் பெருமாளையே ‘ஆராவமுதாழ்வார்’ என்று ஆழ்வாராக்கிவிட்டார்கள்.

மத்தியானம் காவிரிக்கரையில் இருக்கும் அரசு கலைக் கல்லூரிப் பக்கம் நடந்தேன். 1854இல் தொடங்கியது. 1880இல் இங்கே தமிழாசிரியராக வந்தவர்தான் உ.வே.சாமிநாதையர். அதே ஆண்டு இந்த ஊருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார் ஐயர். முதலியாருக்கு அது போதவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? ஐயர் அவற்றின் ஏடுகளைக்கூடப் பார்த்ததில்லை.

முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வைத்துக்கொண்டு, புரியாத இடங்களுக்கு விளக்கம் கேட்டு இந்த ஊர்ச் சமணர்களின் வீடுகளுக்குப் போனார் ஐயர். சைவ மடத்தில் படித்து வளர்ந்தவர் அவர். சமண நூலை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அவர்களிடம் மாணவராக உட்கார்ந்தாரே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. 1903இல் சென்னைக்கு மாற்றலாகிப் போகும் வரை அவருக்கு வேலை இந்தக் கல்லூரியில்தான்.

நாதமுனிகள் கேட்ட அதே கேள்வி, இன்னொரு காலத்தில் இன்னொருவர் வாயிலிருந்து. மீதித் தமிழ் எங்கே?

சாயங்காலம் மறுபடி கோயிலுக்குப் போனேன். மாமி அதே தூணடியில் இருந்தார். கடைசிப் பாட்டையாவது சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். உழலை, கழல்கள், குழலின், மழலை என்று நாலடிக்கும் எதுகையாக ழகரம் வந்து நிற்கும் பாட்டு அது. இரண்டாவது அடியிலேயே என் நாக்கு வழுக்கியது.

“மழலை தீரச் சொல்லணும்னு ஆழ்வாரே சொல்லியிருக்கார். மறுபடி சொல்லு.”

மூன்றாவது முறை சொல்லி முடித்தபோது தலையை ஆட்டினார். “சரி, இப்போ ரெண்டாம் பாட்டு” என்று அவர் தொடங்கவும் உள்ளே மணி அடித்தது.