பெங்களூரிலிருந்து ஒரு விஎஃப்ஆர் பயணம்: 5 கிலோமீட்டர் பார்வைத்தூரம் மட்டும் போதாது

வணிக விமானி உரிமத்துக்குத் தேவையான 300 நாட்டிக்கல் மைல் தனிப் பயணத்தை, விஎஃப்ஆர் முறையில், அதாவது வெளியே கண்ணால் பார்த்தே பறக்கும் முறையில், பெங்களூருக்கு அருகிலுள்ள ஒரு சிறு விமானத்தளத்தில் புறப்பட்டு மைசூரு, ஹுப்பள்ளி வழியாகத் திரும்பி ஒருவாறு முடித்துவிட்டேன். விமானத்திலோ பறப்பதிலோ எந்தச் சிக்கலும் இல்லை. தரையில், வானிலை விதிகளை அரைகுறையாக மனப்பாடம் செய்து வைத்திருந்த ஓர் அலுவலகத்தில்தான் என் நாட்கள் வீணாயின.

பெங்களூரில் மார்கழி, தை மாதக் காலைகளின் மூடுபனி எல்லோரும் அறிந்ததே. முதல் முறை புறப்படத் தயாரானபோது டவர், அதாவது விமானத்தளக் கட்டுப்பாட்டுக் கோபுரம், தந்த பார்வைத்தூரம் 3000 மீட்டர். கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் (தளத்தைச் சுற்றியுள்ள கட்டுப்படுத்தப்பட்ட வான்பகுதிக்குள்) உள்ள தளத்தில் சாதாரண விஎஃப்ஆர் முறையில் புறப்பட 5 கிலோமீட்டர் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த விதியே "அனுமதி பெற்றால் தவிர" என்றுதான் தொடங்குகிறது. தரைப் பார்வைத்தூரம் 1500 மீட்டருக்குக் குறையாமலும் போக்குவரத்து நெருக்கடி இல்லாமலும் இருந்தால் ஸ்பெஷல் விஎஃப்ஆர் அனுமதி வழங்க இடமுண்டு. அதை விமானியே வாய்திறந்து கேட்க வேண்டும், டவர் தானாக முன்வந்து தராது. நான் அதைக் கேட்கவும் எண்ணவில்லை. மண்டலத்தைத் தாண்டியதும் மீண்டும் 5 கிலோமீட்டர் விதி வந்துவிடும் என்பதால், பனி எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று தெரியாமல் அந்த அனுமதியை வாங்கிக்கொண்டு கிளம்புவது சரியல்ல. பனி கலையும்வரை காத்திருக்க மட்டுமே விரும்பினேன்.

அலுவலகத்தில் இருந்தவர், "5 கிலோமீட்டர் இல்லைன்னா புறப்பாடே கிடையாது தம்பி, ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஃப்ளைட் பிளானையே ரத்து செய்துவிட்டார். புறப்பாடு 30 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் தாமதச் செய்தி அனுப்பினால் போதும்; ரத்து செய்துவிட்டாலோ புதிய பிளானும், அதற்கு வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் முதலிலிருந்து வாங்க வேண்டும். பனி விலகிய வேளையில் என் கையில் எண் இல்லை, எண் வந்த வேளையில் விமானம் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை. தயவுசெய்து, "ரத்து வேண்டாம், தாமதம் போடுங்கள்" என்பதை அலுவலகத்தில் முதலிலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த முறை நேர்மாறு. பார்வைத்தூரம் 8 கிலோமீட்டர், அலுவலகத்தில் மகிழ்ச்சியோடு அனுப்பி வைத்தார்கள். டவரோ புறப்பாட்டுக்கு மறுத்தது, ஏனெனில் மேகம் 1400 அடியில் புரோக்கன், அதாவது வானத்தில் எட்டில் ஐந்து முதல் ஏழு பங்கு வரை மூடியிருந்தது. வானத்தில் பாதிக்கு மேல் மூடும் மிகத் தாழ்ந்த மேக அடுக்கின் அடிமட்டம்தான் சீலிங். அது 1500 அடிக்குக் குறைந்தால் பார்வைத்தூரம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. அதே 1400 அடியில் ஸ்கேட்டர்டு என்றிருந்தால், அதாவது எட்டில் மூன்று நான்கு பங்கு மட்டும் மூடியிருந்தால், அது சீலிங்காகவே கணக்கில் வராது. மெட்டாரில் (விமானத்தள வானிலை அறிக்கையில்) மேகத்தின் உயரத்தை மட்டும் பார்க்காமல் அதற்கு முன்னுள்ள மூன்று எழுத்துகளையும் (புரோக்கனுக்கு BKN, ஸ்கேட்டர்டுக்கு SCT) பாருங்கள்.

மேகம் ஏறி 2500 அடிக்குப் போனதும் இன்னொரு வாக்குவாதம். பிளானில் எழுதியிருந்த 6500 அடியை ஏன் 4500 ஆக மாற்றுகிறேன் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். மெட்டாரில் மேக உயரம் விமானத்தளத்திலிருந்து அளக்கப்படுகிறது. பறக்கும் உயரமோ கடல் மட்டத்திலிருந்து. பெங்களூர் ஏறத்தாழ 3000 அடி உயரத்தில் இருப்பதால், 2500 அடி மேகம் என்பது அல்டிமீட்டரில் (விமானத்தின் உயரமானியில்) 5500 அடி. மேகத்துக்குக் கீழே 1000 அடி விட வேண்டும் என்ற விதிப்படி 4500 அடிதான் மேல் எல்லை. கடலோர ஊர்களை வைத்து எழுதப்பட்ட எடுத்துக்காட்டுகளை மட்டும் படித்தவர்களுக்கு இந்த இடத்தில்தான் சறுக்கும். 4500 அடியில் வேறொரு கவலையும் உண்டு: பாதைக்கு மேற்கே உள்ள சாவனதுர்கா குன்று 1226 மீட்டர், அதாவது ஏறத்தாழ 4020 அடி. ஆகவே ராமநகரம் வரை பாதையைக் கிழக்கே ஒதுக்கி வரைந்திருந்தேன். வரைபடத்தில் இவற்றைப் பென்சிலால் குறித்துக் காட்டியபின் அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டது எனக்கு உண்மையாகவே பெரிய நிறைவைத் தந்தது.

மைசூருவிலும் ஹுப்பள்ளியிலும் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: உள்ளூர்ப் பறப்பு போன்ற விலக்குகள் தவிர நம் நாட்டில் இரவு விஎஃப்ஆர் கிடையாது. எனவே காலையில் பனிக்காகக் காத்திருக்கும்போது, சூரிய அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த மணிக்கு மேல் புறப்படக் கூடாது என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைத்த நேரத்துக்குச் சற்று முன்னதாகத்தான் எனக்குப் புறப்பாட்டு அனுமதி கிடைத்தது.