கடிதத்தின் இரண்டாம் பக்கம்

திருகோணமலையில் சிறுநீரக நோயாளர்களுக்கான கிளினிக் ஒன்றில் மருத்துவ உத்தியோகத்தராக நான் பணியாற்றிய காலத்தில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் கிளினிக் கொப்பியோடு, சத்திரசிகிச்சை நடந்த நிலையம் கொடுத்தனுப்பிய கடிதத்தையும் பொலித்தீன் உறைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவருவார்கள். சத்திரசிகிச்சை கண்டியிலோ கொழும்பிலோ நடந்திருக்கும். மாதாமாதம் அவ்வளவு தூரம் போய்வர இயலாதவர்களின் குருதிப் பரிசோதனையையும் இடையில் வரும் சிறு வருத்தங்களையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். அந்தக் கடிதத்தில் முதல் பக்கம் சத்திரசிகிச்சையைப் பற்றியது. இரண்டாம் பக்கத்தில்தான் வைரஸ் பரிசோதனைகளின் முடிவுகள் இருக்கும்.

இன்னொருவருடைய சிறுநீரகத்தை உடல் அந்நியப் பொருளாகக் கருதித் தாக்காமல் இருப்பதற்காகக் கொடுக்கப்படும் டக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் போன்ற மருந்துகள், நோயெதிர்ப்புக் கலங்களுள் குறிப்பாக டி கலங்களின் வேகத்தைத் தணிக்கின்றன. வைரஸ் புகுந்த கலங்களை இனங்கண்டு அழிப்பவையும் அதே டி கலங்கள்தாம். ஆகவே வெளியிலிருந்து புதிதாக வரும் வைரஸ்களைவிட, சிறு வயதிலேயே உடலுக்குள் புகுந்து பல ஆண்டுகளாக அடங்கிக் கிடந்தவையும், கொடையாளரின் சிறுநீரகத்தோடு கூடவே வந்து சேர்ந்தவையும்தான் எங்களை அதிகம் கவலைப்படுத்தின.

மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், மனைவியின் சிறுநீரகத்தைப் பெற்று எட்டு மாதங்கள் கடந்திருந்த நிலையில், மாரிமழை தொடங்கிய ஒரு கிழமையில் என் முன்னால் வந்து அமர்ந்தார். "பெரிசா ஒண்டுமில்லை டொக்டர், உடம்பு சரியான அலுப்பு" என்றார். காய்ச்சல் 100 பாகையைச் சற்றே தாண்டியிருந்தது. வெண்குருதிக் கலங்களும் குருதிச் சிறுதட்டுகளும் குறைந்திருந்தன. மழைக்காலத்தில் இப்படியொரு அறிக்கையைக் கண்டால் டெங்கு என்று எண்ணுவது எங்கள் மாவட்டத்தில் இயல்பானது. 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்பதை இங்கு யாரும் மறக்கவில்லை; அவ்வாண்டில் நாடு முழுவதும் 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். நானும் டெங்கு என்றே எழுதி அவரை விடுதியில் அனுமதித்தேன். டெங்குப் பரிசோதனையில் எதுவும் தென்படாதபோதும், அதற்குரிய நாட்கள் கடந்திருக்கும் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாளும் காய்ச்சல் விடவில்லை. டெங்கு அத்தனை நாள் இழுபடுவதில்லை. போதாதற்கு வயிற்றோட்டமும் தொடங்கியது. ஈரல் நொதியங்களும் உயர்ந்தன. அன்றிரவு தாதிய உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்துவைத்தார். இரண்டாம் பக்கத்தில், மனைவியின் குருதியில், முன்பே தொற்றியதற்கு அடையாளமாக, சைற்றோமெகலோ வைரஸுக்கான பிறபொருளெதிரி உண்டு என்றும், கணவரின் குருதியில் இல்லை என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் நாட்டில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்த வைரஸ் முன்பே தொற்றியிருக்கும் என்பதால், அந்தப் பக்கத்தைப் புரட்டும் பழக்கம் எனக்கு இருக்கவில்லை. வைரஸை ஒருபோதும் சந்தித்திராத உடலுக்கு, அதைச் சுமந்த சிறுநீரகம் பொருத்தப்படும் நிலையே எல்லாவற்றிலும் ஆபத்து மிகுந்தது. அதற்காகவே முதல் ஆறு மாதங்களுக்கு அவருக்கு வல்கன்சிக்ளோவிர் என்ற விலைகூடிய தடுப்பு மருந்து கொடுத்திருந்தார்கள். அது நின்று இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. மருந்து நிறுத்தப்பட்டபின் தலைகாட்டும் தொற்று என்பது நன்கறியப்பட்ட ஒன்று. நாட்களைக் கணக்கிட்டிருந்தால் நான் முதல் நாளே இந்த வைரஸுக்கான பரிசோதனையைக் கேட்டிருப்பேன்.

குருதியைக் கொழும்புக்கு அனுப்பிப் பி.சி.ஆர். பரிசோதனையில் உறுதிசெய்து, சத்திரசிகிச்சை நடந்த நிலையத்தாருடன் பேசி, கன்சிக்ளோவிரை நாளத்தினூடாக நாளுக்கு இரண்டு தடவை ஏற்றினோம். மூன்று கிழமைகளில் அவர் தேறினார், சிறுநீரகமும் தப்பியது. ஆனால் அந்த ஒன்பது நாட்களில் ஒவ்வொரு நாளும் அவருடைய மனைவி கட்டிலருகே நின்று, "என்ன வருத்தம் எண்டு இன்னும் தெரியேல்லையா?" என்று கேட்டதும், நான் டெங்கு என்றே திரும்பத் திரும்பச் சொன்னதும் எனக்கு ஆறவில்லை. அதன்பின் ஒவ்வொருவருடைய கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலும், கொடையாளர், பெறுநர் இருவரின் வைரஸ் நிலையையும் தடுப்பு மருந்து முடியும் திகதியையும் சிவப்பு மையில் எழுதத் தொடங்கினேன்.

குச்சவெளியிலிருந்து தாயோடு வந்த இளைஞனுக்கோ எந்தக் குறையுமே இருக்கவில்லை. காய்ச்சலும் இல்லை, நோவும் இல்லை, சிறுநீரும் வழமைபோலவே போனது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் மட்டும் குருதியில் 1.2இலிருந்து 1.8 ஆகியிருந்தது. இப்படி உயர்ந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்ற அச்சமே முதலில் எழும். அதற்கு நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும். காரணம், சிறுநீரகத்தில் அடங்கிக் கிடக்கும் பி.கே. வைரஸாக இருந்தால் அதே மருந்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் நேரெதிரான வழிகள் என்பதால் ஊகத்தின்பேரில் எதையும் தொடக்கூடாது. நிலையத்துக்கு அனுப்பினோம், சிறுநீரகத்திலிருந்து எடுத்த இழையத் துண்டில் பி.கே. வைரஸே தெரிந்தது. 1971இல் இலண்டனில், மாற்றுச் சிறுநீரகம் பெற்ற ஒரு நோயாளியின் சிறுநீரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இதற்கு அந்த நோயாளியின் பெயரின் முதலெழுத்துகளே பெயராயின. அரை நூற்றாண்டு கடந்தும் இதைக் கொல்லும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்று கையில் இல்லை.

தாய்க்கு இதை விளங்கப்படுத்துவதற்கு ஒரு முற்பகல் முழுவதும் தேவைப்பட்டது. "மருந்தைக் குறைச்சா நான் குடுத்த கிட்னியை அவன்ர உடம்பு தள்ளிப்போடாதா டொக்டர்?" என்று கேட்டார். அந்த ஆபத்து உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. மருந்தைச் சிறிது சிறிதாகக் குறைப்போம், கிரியேட்டினினையும் குருதியில் வைரஸின் அளவையும் அடிக்கடி பார்ப்போம், இரண்டையும் பார்த்தே அடுத்த அடியை வைப்போம் என்று சொன்னேன். அவர் மகனுடைய கொப்பியை வாங்கி, அடுத்த பரிசோதனைத் திகதியைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். குருதியிலிருந்து வைரஸ் மறைய ஏழு மாதங்கள் சென்றன. கிரியேட்டினின் 1.5இல் நின்றது, அதற்குக் கீழே இறங்கவில்லை. முளையிலேயே கண்டிருந்தால் இறங்கியிருக்கக்கூடும் என்பதால்தான், எந்தக் குறையும் இல்லாதவரிடமும் குருதி எடுக்க வேண்டும் என்று இப்போதும் வற்புறுத்துகிறேன்.

கொப்புளிப்பான் விடயத்தில் மட்டும் ஊர் வழக்கமே எங்களுக்குத் துணைநின்றது. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டின் படலையில் வேப்பிலை கட்டுவார்கள். அதைக் கண்டால் உள்ளே போகவேண்டாம் என்று எங்கள் நோயாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இதற்கான தடுப்பூசி உயிருள்ள வைரஸைக் கொண்டதால் சத்திரசிகிச்சைக்குப் பின் போட முடியாது. ஆகவே தொடுகை ஏற்பட்ட நாளை உடனே அறிந்து தடுப்புச் சிகிச்சையைத் தொடங்குவதே எங்களால் செய்யக்கூடியது.

ஒரு திங்கட்கிழமை, உப்புவெளியைச் சேர்ந்த அம்மா ஒருவர் விறாந்தையில் மற்றவர்களோடு அமராமல், வெளியே வேப்பமர நிழலில் தனியே நின்றுகொண்டிருந்தார். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்கப் போன தாதியிடம், கிட்ட வரவேண்டாம் என்று கையை உயர்த்திக் காட்டிவிட்டு, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அம்மாள் போட்டிருக்கு மிஸ், வியாழக்கிழமை அவனை மடியில வச்சிருந்தன்" என்றார். வியாழனிலிருந்து அன்று நான்காம் நாள். பின்வாசல் வழியாக அவரைத் தனியறைக்கு அழைத்துவந்து, நான் கொப்பியின் முதற்பக்கத்தைத் திறந்தேன்.