லோலோவின் அட்டைப்பெட்டி

2016 ஜூன் 8, புதன்

காலையிலிருந்து மூன்று முறை அந்தத் தாளை வாசிக்கச் சொல்லிவிட்டார் லோலோ. லோலோ என்றால் பிலிப்பைன்ஸின் தகலாகு மொழியில் தாத்தா; என் கணவருக்குத் தாய்வழித் தாத்தா. கண் மங்கிவிட்டது, காது மட்டும் கூர்மை. இரண்டாம் உலகப்போரில் போரிட்ட பிலிப்பினோ வீரர்களின் பிள்ளைகள், விசா வரிசை வரும்வரை காத்திராமல் அமெரிக்காவுக்கு வந்து தகப்பனைப் பார்த்துக்கொள்ளும் திட்டம் இன்று தொடங்குகிறது. லோலோவுக்கு 93 வயது. பிலிப்பைன்ஸின் லூபாவோ ஊரில் இருக்கும் மூத்த மகனுக்காக அவர் மனுப் போட்டது 1997-ல். அந்த மகனுக்கு அப்போது வயது 43, இப்போது 62.

“பேரப்பிள்ளைகளும் வரலாமா?” என்று கேட்டார். 21 வயதைத் தாண்டியவர்களுக்கு இடமில்லை. மூத்தவரின் பிள்ளைகள் மூவரும் தாண்டிவிட்டார்கள். மனுப் போட்ட நாளில் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த வரியை நான் தாழ்ந்த குரலில்தான் வாசித்தேன். கேட்டுவிட்டது அவருக்கு.

2016 ஜூன் 12, ஞாயிறு

பிலிப்பைன்ஸின் சுதந்திர நாள். கலிபோர்னியாவின் வலேஹோவில் உள்ள இந்தச் சிறிய வீட்டில் இருபது பேர் கூடிவிட்டோம். திருமணமாகி வந்தபோது என் மாமியார் முதலில் கற்றுக்கொடுத்தது, பெரியவரின் கையை எடுத்து என் நெற்றியில் வைப்பதை. இன்றும் வாசலில் வரிசை நின்றது. ஒவ்வொரு நெற்றியிலும் கை பட்ட பிறகுதான் புளிக்குழம்பு போன்ற சினிகாங் பாத்திரம் திறக்கப்பட்டது.

லூபாவோவில் வயலை யார் குத்தகைக்கு எடுப்பது, எந்தப் பேத்தி எந்தக் கல்லூரிக்குப் போவது, எல்லாவற்றையும் தொலைபேசியிலேயே அவர் முடிவு செய்வார். கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஓர் அட்டைப்பெட்டி திறந்தே இருக்கும். சோப்பு, துண்டு, டின் இறைச்சி, சாக்லேட் என்று வாரந்தோறும் ஏதாவது சேரும். நிரம்பியதும் கப்பலில் ஊருக்குப் போகும். மறுநாளே அடுத்த பெட்டி வந்துவிடும்.

2016 டிசம்பர் 15, வியாழன்

நேற்று ஒபாமா கையெழுத்திட்டுவிட்டார். பிலிப்பினோ வீரர்களுக்குக் காங்கிரஸின் தங்கப் பதக்கம். என் கணவர் துள்ளிக் குதித்தார். லோலோ தேதியை மட்டும் கேட்டுக்கொண்டார்.

அவர் மனதில் வேறொரு தேதி இருக்கிறது: 1946 பிப்ரவரி 18. பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்த 1941 ஜூலையில், அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி அமெரிக்கக் கொடியின் கீழ் சேர்க்கப்பட்டவர்கள் இவர்கள், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர். போர் முடிந்த மறு ஆண்டே, இவர்களது பணி அமெரிக்க ராணுவப் பணியாகக் கருதப்படாது என்று காங்கிரஸ் சட்டம் இயற்றியது; அடுத்து அதிபரான ட்ரூமன் ஒப்பமிட்டார். குடியுரிமைக்கு வழி திறந்தது 1990-ல்தான். லோலோ 1993-ல் எழுபது வயதில் வந்து இறங்கினார். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே அறையில் நான்கு கிழவர்களோடு தங்கி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். என் மாமியார் செவிலியர் வேலை கிடைத்து வந்த பிறகே அவருக்கு ஒரு வீடு கிடைத்தது. குடியுரிமை அவருக்குத்தான் வந்தது, பிள்ளைகளுக்கு வரவில்லை. 2009-ல் அரசு ஒரே தவணையாகக் கொடுத்த 15,000 டாலரில் ஒரு காசுகூட இந்த ஊரில் செலவாகவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவருக்கு வருவதில்லை.

2017 ஏப்ரல் 9, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறும், பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பம் ஜப்பானியரிடம் வீழ்ந்த நாளும் இந்த ஆண்டு ஒன்றாக வந்திருக்கின்றன. கோயிலிலிருந்து திரும்பியதும், கையில் ஓலையோடு, லோலோ தானாகவே பேசத் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகளில் நான் இதைக் கேட்டதே இல்லை.

1942-ல் இதே நாளில் ஜப்பானியப் படையிடம் சரணடைந்தார்கள். மரிவெலெஸிலிருந்து சான் பெர்னாண்டோ வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் வெயிலில் நடை. தண்ணீருக்காக வரிசையை விட்டு விலகியவன் திரும்பவில்லை. பாதை லூபாவோ வழியாகச் சென்றது. அவருடைய சொந்த ஊர். தெருவோரம் நின்றவர்கள் வாழையிலையில் சோற்றைக் கட்டி வீசினார்கள்; காவலர்கள் அவர்களையும் அடித்தார்கள். “நான் தலையைக் குனிந்தே நடந்தேன்” என்றார். “அம்மா என்னை அடையாளம் கண்டால் ஓடி வந்துவிடுவாள். துப்பாக்கி முனையில் கத்தி இருந்தது.” கோயில் மணிக்கூண்டின் நிழல் காலில் விழுந்தபோது வீடு எத்தனை அடி தூரம் என்று அவருக்குத் தெரியும். நிமிரவில்லை. பிறகு சரக்கு ரயில் பெட்டியில் நின்றபடியே காபாஸ் ஊர் வரை. அங்கிருந்து ஓடோனல் போர்க்கைதி முகாம். அந்த முகாமில் 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பினோக்கள் இறந்தார்கள். அவர் மலேரியாவோடு விடுவிக்கப்பட்டு வீடு சேர்ந்தார்.

அம்மா அன்று தெருவில் நின்றாரா என்று கேட்டேன். நின்றாராம். ஒவ்வொரு முகமாகத் தேடினாராம்.

2017 அக்டோபர் 25, புதன்

வாஷிங்டனில் பதக்க விழா. நாங்கள் கணினித் திரையில் பார்த்தோம். லோலோ பிலிப்பினோக்களின் விழாச் சட்டையான பாரோங் அணிந்து, படைத் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன்னைப் போலவே போரிட்ட நூறு வயது வீரர் செலஸ்டினோ அல்மேடாவைத் திரையில் கண்டதும் கை நெற்றிக்குப் போனது. திரைக்கு ஒரு வணக்கம். பிறகு தூங்கிவிட்டார்.

2017 நவம்பர் 18, சனி

மாமியாரின் அண்ணன் நேற்று இரவு வந்து சேர்ந்தார். தனியாக. தலை முழுக்க நரை. விமான நிலையத்தில் சக்கர நாற்காலியின் முன் மண்டியிட்டு, தகப்பனின் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இன்று காலை கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுக்கச் சொன்னார் லோலோ. மகன்தான் வந்துவிட்டாரே, பிரித்து எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “டேப் எங்கே?” என்றார். மகன் பெட்டியின் வாயை அமுக்கிப் பிடித்தார். நான் ஒட்டினேன். லோலோ நடுங்கும் கையால், லூபாவோவில் இருக்கும் மூன்று பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதினார்.