சாக்கடைல கெடந்த எங்க கடை பேரு

போன ஐப்பசி மழைக்கு எங்க தெரு சாக்கடை அடைச்சு ரோடு பூரா தண்ணி. கார்ப்பரேஷன்ல இருந்து வந்த அக்கா ஒருத்தவங்க கம்பிய விட்டு குத்தி இழுத்தாங்க, கொத்தா ஒரு கூடை குப்பை வந்துச்சு, அதுல ஒண்ண கம்பி முனைலயே தூக்கி "அண்ணே, ஒங்க கடை பேரு போட்ருக்கு பாருங்க"ன்னு சிரிச்சாங்க. கை முறுக்கு 200 கிராம். பச்சை எழுத்து, ஒண்ணுகூட அழியல.

எங்களுது சின்னக் கடைதான், முறுக்கு, சீவல், காராச்சேவு. 2019 ஜனவரி 1ல 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தப்பவே கேரி பேக்க நிப்பாட்டிட்டோம், அதுல எனக்கு கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனா முறுக்குக் கவர்தான் போக மாட்டேங்குது. பேப்பர் பைல போட்டுப் பாத்தேன், ராத்திரியே எண்ணெய் ஊறி, காலைல எடுத்து ஒடச்சா சத்தமே இல்ல, நமுத்துப் போச்சு. நமுத்த முறுக்க மதுரைக்காரனுக்கு வித்துட்டு அடுத்த நாள் கடை தொறக்க முடியுமா?

அந்தப் பளபளக் கவர்ல பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டியிருக்கும், பிரிச்செடுக்க ஆகாது, அதான் பால் கவர வாங்குற பழைய பேப்பர் கடைக்காரரு இத தராசுலயே ஏத்த மாட்டேங்குறாரு. இத்தனைக்கும் பிளாஸ்டிக் குப்பைய ரோட்டுக்குப் போடலாம்னு செஞ்சு காட்டுனதே நம்ம தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார்தான். நறுக்குன பிளாஸ்டிக்க சூடான ஜல்லில போட்டா உருகி மேல பூசிக்கிரும், அப்புறம் தார கலந்தா போதும். 2002லயே காலேஜுக்குள்ள ரோடு போட்டாரு, 2018ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. வழி இருக்கு, குப்பைய அந்த ஜல்லி வரைக்கும் கொண்டுபோய்ச் சேக்கத்தான் ஆளில்ல.

பேக்கிங் பண்ணி விக்கிற கம்பெனியே கவர திருப்பி எடுக்கப் பொறுப்புன்னு 2022ல சென்ட்ரல் கவர்மென்ட் விதி போட்டுச்சு. பெரிய கம்பெனி என்ன செய்யும், எங்கயோ ரீசைக்கிள் பண்றவங்ககிட்ட 'இவ்வளவு பிளாஸ்டிக்க ரீசைக்கிள் பண்ணியாச்சு'ன்னு சர்டிபிகேட் வாங்கி கணக்க முடிச்சுக்கலாம், விதியே அதுக்கு எடம் குடுக்குது. கூடவே நாலு மரக்கன்ன நட்டு போட்டோ. எங்க தெரு சாக்கடைக்கு அந்த சர்டிபிகேட் வந்து சேராது. அதுக்காக நான் யோக்கியன்னு சொல்ல வரல, அந்தக் கம்பி முனைல தொங்குனது எங்க பேருதான.

இப்ப டப்பா கொண்டாந்தா 50 கிராம் கூடப் போடுறோம். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில கழுவித் தொடச்சு கொண்டார ஆச்சி ஒருத்தவங்க இருக்காங்க, மூடிய மட்டும் நம்மள தொடவே விட மாட்டாங்க. டப்பா கொண்டாராதவங்க காலிக் கவர திருப்பிக் குடுத்தா ஒரு கவருக்கு ஒரு ரூவா. பாதிப்பேரு சிரிச்சாங்க, பள்ளிக்கூடத்துப் பயலுகதான் புடிச்சுக்கிட்டானுங்க, அடுத்த கடை கவரையும் சேத்துக் கொண்டாந்து ஏமாத்தப் பாக்குறானுங்க, அதையும் வாங்கிக்கிறேன், என்ன இப்ப.

ஒரு மூட்டை நெறஞ்சு கல்லாவுக்குப் பின்னாடி நிக்குது. மதுரைல ரோட்டுக்கோ வேற எதுக்கோ இந்தக் கவர எடுக்குறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, காசெல்லாம் வேணாம், நானே வண்டில கொண்டாந்து போட்டுர்றேன்.